பொருநைக் கரையில் புதிரும் உரையும்

பொருநை என்னும் தாமிரபர்ணி பாயும் திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல் என்ற பெயரால் வழங்கும் ஊர்கள் இரண்டு உண்டு. மேற்கே அம்பாசமுத்திரத்துக்குச் சமீபமாக, ஆற்றின் கரையிலேயே அமைந்து, பீடித் தொழிலால் தென்னாடெங்கும் பேர்பெற்று விளங்கும் முக்கூடல் ஒன்று. அதற்கு வெகுதூரம் கிழக்கே, திருநெல்வேலி நகரத்தையும் கடந்து, சீவலப்பேரி என்று இன்று நாம் அழைக்கும் ஊரையடுத்து, தாமிரபர்ணியோடு சிற்றாறும், கோதண்டராம நதி என்று நூல்கள் கூறும் மூன்றாவது ஆறும் கலக்குமிடத்தில் பெயர்பெற்ற முக்கூடல் மற்றொன்று. பஸ்ஸில் ஏறி முக்கூடலுக்கு டிக்கட் கேட்பவன் சென்று சேருவது முன்னதற்கு. பள்ளுப் பிரபந்தத்தின் வாயிலாகத் தமிழ்ப் புலவர்கள் சென்று சேர்ந்தது பின்னதற்கு. ஒரே பெயர் இரண்டு இடங்களைச் சுட்டி, அறியாதவனைத் தவறான ஊருக்கு அனுப்பி வைக்கும் இந்த விநோதம், நான் எழுதப் புகுந்த விஷயத்துக்கு அநுகூலமான தொடக்கமாகவே இருக்கிறது.

ஆங்கிலத் தினசரியை நான்காக மடித்துக்கொண்டு, பென்ஸிலைக் காதில் செருகியபடி, குறுக்கெழுத்துப் புதிருக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது முழுவதையும் அர்ப்பணம் செய்யும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஈடுபடுவது சொல்லுக்குப் பொருள் கேட்கும் சாதாரணப் புதிரிலன்று; கிரிப்டிக் என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருக்கும் மறைபொருட் புதிரில். அதிலே ஒவ்வொரு குறிப்பும் மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ ஒரு சாதாரண வாக்கியம். உள்ளே நுழைந்து பார்த்தால், ஒரு பாதி விடையின் பொருளையும், மறுபாதி அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் விதத்தையும் சொல்லும் இரட்டைச் சாசனம். இந்த வித்தை ஆங்கிலேயரிடமிருந்து வந்தது என்று அப்பெரியவர்களிற் பலர் நம்புகிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டம் மேனாட்டிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் குறிப்பை அமைக்கும் வித்தையும், அதைவிட முக்கியமாக, அமைத்ததை அவிழ்த்து உரை சொல்லும் ஒழுங்கும், பொருநைக் கரையில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றி நின்றவை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் முக்கூடலுக்கே வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் முக்கூடற்பள்ளுக்கு ஆசிரியர் இன்னார் என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. ஆயினும் அவர் முக்கூடல் திருமாலாகிய அழகரிடத்தில் பக்தியும், உழவர் பேச்சில் நல்ல காதும், நகைச்சுவையில் அபாரமான தைரியமும் உடையவர் என்பது நூலின் பக்கங்கள் தோறும் தெரிகிறது. அழகரின் பண்ணையில் உழும் குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்தவள், திருமாலுக்கு அடியவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள், சிவனுக்கு அடியவள். ஒருத்தி ஆசூர் வடகரை நாட்டைப் புகழ, மற்றவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டைப் புகழ, நாட்டு வளத்தில் தொடங்கிய போட்டி நூலின் பிற்பகுதியில் தெய்வங்களை ஏசும் சக்களத்திச் சண்டையாக முற்றுகிறது. வயலில் இறங்கி உழைத்த ஒரு சமூகத்தின் குடும்பக் கலகத்தை மேலோர் சபையில் சிரிப்புக்குரிய பொருளாக்கியது அக்காலத்துப் பிரபந்த மரபு. அதை இன்று படிப்பவர்களுக்கு மனத்தில் ஓர் உறுத்தல் உண்டாவது நியாயமே. ஆனால் அந்த ஏசலுக்குள் அமைந்திருக்கும் சொற்சாமர்த்தியம் தனியே கவனிக்கத் தக்கது.

ஒருத்தி, இடுப்பிலே சுற்றிக்கொள்ள நாலு முழத் துணிக்கும் வழியற்றுப் புலியின் தோலைக் கட்டியவன்தானே உன் சுவாமி என்று கேட்கிறாள். மற்றவள், உன் சுவாமி மட்டும் என்ன, சடையைக் கட்டிக்கொண்டு மரவுரி உடுத்து அலைந்தவன்தானே என்று திருப்பியடிக்கிறாள். ஊரெல்லாம் இரந்தும் பசி தீராமல் நஞ்சை அள்ளி விழுங்கினான் என்பது ஒரு வசை. மாட்டின் பின்னாலேயே திரிந்தும் சோற்றுக்கு இல்லாமல் மண்ணைத் தின்றான் என்பது அதற்கு எதிர் வசை. கேட்பவனுக்கு முதலில் எட்டுவது ஓர் ஏழைக் குடியானவனின் தரித்திர வர்ணனை. துணி இல்லை, சோறு இல்லை, பிழைப்பு இல்லை. சற்றே நிதானித்தால், புலித்தோல் தாருகாவனத்து முனிவர்களின் கர்வபங்கத்தையும், மரவுரி இராமன் தந்தை சொல்லைக் காத்த வனவாசத்தையும், நஞ்சு பாற்கடலில் எழுந்த ஆலகாலத்திலிருந்து தேவர்களைக் காத்த கருணையையும், மண் கண்ணன் வாய்க்குள் யசோதை அகிலத்தையே கண்ட லீலையையும் சுட்டி நிற்கின்றன. வசையின் சொற்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. புராணத்துக்குப் புறம்பாக ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. ஆயினும் முழுவதும் நம்மைத் தவறான திசையில் நடத்திச் செல்கின்றன. மேற்பொருள் ஏமாற்றவேண்டும், உட்பொருள் பிசகக்கூடாது என்பதுதான் மறைபொருட் குறிப்பின் முதல் விதி. அந்த விதியை இப்பள்ளியர் இருவரும் வரிக்கு வரி காப்பாற்றியிருக்கிறார்கள். நிந்தாஸ்துதி என்று அலங்கார நூலார் இதற்குப் பெயரிட்டுவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள்ளேயே ஒரு புதிரை அவிழ்த்தாக வேண்டும் என்பதை அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை.

இவ்வளவு எளிதில் அவிழ்த்து ரஸிக்கும் சபை ஒரே நாளில் உண்டாவதன்று. தொல்காப்பியர் தம் செய்யுளியலில் பிசி என்பதை இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்து, ஒப்புமையைக் கொண்டு அமைவதும், வெளியே தோன்றுவதைச் சொல்லி உண்மையைத் துணிய வைப்பதுமாக இருவகைப்படுத்தியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் இதற்கு அழிப்பாங்கதை என்று பெயர். திண்ணையில் கிழவி கதை போடுவாள், பேரன் பேத்திகள் அழிக்கவேண்டும். அழித்தால் மட்டும் போதாது. ஏன் அப்படி என்று கேட்டால் சொல்லவும் வேண்டும். விடை தற்செயலாக வாயில் வந்துவிட்ட பிள்ளையைக் கிழவி லேசில் விட்டுவிடமாட்டாள்.

வாய்மொழியில் இப்படி வழங்கிய ஒழுங்கு, ஏட்டில் சாஸ்திரமாக உருப்பெற்றது ஆற்றின் போக்கிலேயே சற்றுக் கீழே இறங்கினால் வரும் திருக்குருகூரில். நம்மாழ்வார் அவதரித்த ஸ்தலமாதலால் ஆழ்வார்திருநகரி என்று பெயர்பெற்ற அவ்வூர், கவிராயர் குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பிடம். உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிடுவதற்கு முன்னர் ஏடு தேடி அவ்வூருக்கு வந்து, லக்ஷ்மண கவிராயர் முதலானோர் வீடுகளில் தேடிய வரலாற்றைத் தமிழர் அறிவர். அந்தக் கவிராயர் மரபில் பதினாறாம் நூற்றாண்டில் விளங்கியவர் திருக்குருகைப் பெருமாள் கவிராயர். அவர் தம் அகப்பொருள் இலக்கணத்துக்கு மாறனகப்பொருள் என்றும், யாப்பு நூலுக்கு மாறன் பாப்பாவினம் என்றும், அணி நூலுக்கு மாறனலங்காரம் என்றும் பெயர் சூட்டினார். மாறன் என்பது நம்மாழ்வாரின் திருநாமம். மாறனலங்காரத்துக்கு உரை செய்தவர், அதே ஆற்றங்கரையில் அடுத்திருக்கும் தென்திருப்பேரையைச் சேர்ந்த காரிரத்தினக் கவிராயர். ஓர் ஊரில் புதிர். அடுத்த ஊரில் உரை.

தண்டி வடமொழியில் இயற்றிய காவ்யாதர்சத்தின் மூன்றாம் பரிச்சேதத்தில் பிரஹேளிகை என்னும் புதிர்ச் செய்யுளின் வகைகள் பதினாறு கூறப்படுகின்றன. விளையாட்டுச் சபைகளிலும், பலர் நடுவே இரகசியம் பேசவும், பிறரை மயக்கவும் அவை பயன்படும் என்று அவர் பிரயோஜனமும் சொல்லியிருக்கிறார். தமிழ்த் தண்டியலங்காரம் அவ்வழியைத் தழுவிச் சித்திரகவியின் வகைகளை நிரல்படச் சொல்லிற்று. திருக்குருகைப் பெருமாள் கவிராயர் அவற்றோடு மேலும் சிலவற்றைச் சேர்த்து இலக்கணம் வகுத்து, பெரும்பாலும் தாமே உதாரணச் செய்யுட்களும் பாடினார். இப்பெயர்களைக் கேட்டவுடன் ‘வித்வான்களின் வெறும் வேடிக்கை’ என்று முகம் திருப்பிக்கொள்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அவற்றுட் சிலவற்றை மட்டும் எடுத்து, ஆங்கிலப் புதிரில் பழகியவர் பார்வையில் வைத்துப் பார்க்கவேண்டுகிறேன்.

மாத்திரைச் சுருக்கம் என்பது ஒரு சொல்லில் நெடிலைக் குறிலாக்கி வேறொரு சொல்லைப் பெறுவது. மாலை சுருங்கினால் மலையாகும். மாத்திரை வருத்தனம் இதற்கு மறுதலை. கலை நீண்டால் காலை வரும். அக்கரச்சுதகம் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது. தாமரையின் தலையைக் கொய்தால் மரை என்னும் மான் நிற்கும். கரந்துறை என்பது ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்குள்ளேயே மற்றொரு செய்யுளை ஒளித்து வைப்பது. வினாவுத்தரம் என்பது பல சிறு வினாக்களுக்கு வந்த விடைகளைச் சேர்த்து ஒரு பெரிய விடையைக் காண்பது. இலக்குமிக்குத் தமிழ்ப் பெயர் யாது? நன்செயில் விளைவது யாது? பயிரைக் காப்பது யாது? என்று மூன்று கேட்டு, திரு, நெல், வேலி என்ற மூன்று விடைகளையும் கோத்தால் நம் ஜில்லாவே வந்து நிற்கும். இவ்வுதாரணங்கள் நூலில் உள்ளவையல்ல, விளக்கத்துக்காக நானே கட்டியவை. நூலில் உள்ளவை இவற்றினும் பன்மடங்கு கடுமையானவை. ஆங்கிலப் புதிர்க் குறிப்புக்களில் எழுத்தைக் கொய்தல், ஒளித்தல், கோத்தல் என்று எந்த உபாயங்கள் இன்றைக்கும் கையாளப்படுகின்றனவோ அவற்றிற் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகின்றன.

கட்டம்கூட நமக்கு முற்றிலும் புதிதன்று. சருப்பதோபத்திரம் என்பது எட்டெழுத்துக் கொண்ட அடிகள் நான்கை அறுபத்துநான்கு கட்டங்களில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக எழுதி, எந்தத் திசையிலிருந்து படித்தாலும் அதே செய்யுள் வரும்படி அமைப்பது. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும் சித்திரம் வரையப்பட்டு, ஒவ்வொரு பாம்பின் உடலிலும் ஒவ்வொரு வெண்பா எழுதப்படும். உடல்கள் ஒன்றையொன்று வெட்டும் சந்திகளில் நிற்கும் எழுத்து இரண்டு வெண்பாக்களுக்கும் பொதுவாக அமையவேண்டும். இடமிருந்து வலமாக வரும் சொல்லுக்கும் மேலிருந்து கீழாக வரும் சொல்லுக்கும் ஒரே எழுத்துப் பொதுவாக நிற்பதுதானே குறுக்கெழுத்தின் ஜீவன்? அது இப்பாம்புகளின் பிணைப்பில் முன்பே இருந்தது. சித்திரகவியின் வித்தைகளான மாலைமாற்று முதலியவற்றைத் திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே பாடியிருப்பதனால், வெறும் விளையாட்டென்று ஒதுக்கத் தகாத பக்தி மரபும் இதற்கு உண்டு.

எனினும் பாட்டைப் பாடிவிட்டுப் புலவன் எழுந்து போய்விட்டால் சபைக்கு என்ன லாபம்? இங்கேதான் காரிரத்தினக் கவிராயர் போன்றவர்களின் தொண்டு பெரிதாகத் தோன்றுகிறது. சித்திரகவியின் உரைகாரன் சொல்லுக்குப் பொருள் சொல்லுவதோடு நிற்க முடியாது. எந்தக் கண்ணறையில் எந்த எழுத்து நிற்கும், எது சந்தியில் இருமுறை எண்ணப்படும், எந்த இடத்தில் சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் பிறக்கும் என்று ஒரு கணக்கப்பிள்ளை ரொக்கத்தை எண்ணி ஒப்படைப்பது போல ஒப்படைத்தாகவேண்டும். ஓர் எழுத்து மிஞ்சினாலும் ஓர் எழுத்துக் குறைந்தாலும் செய்யுள் தோற்றது; உரை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உரையில்லாமல் விளங்காத காவியம் காவியமே அன்று என்று வடமொழியில் பாமஹர் போன்ற ஆலங்காரிகர்கள் கண்டித்தது உண்டு. காவியத்தைப் பற்றிய மட்டில் அது சரியான கட்சி. புதிரைப் பொறுத்தவரையில் அந்தக் கட்சி செல்லாது. உரைதான் புதிர் நேர்மையானது என்பதற்கு அத்தாட்சி.

இந்த வித்தைக்குத் திருநெல்வேலிச் சீமை எவ்வளவு மதிப்பு வைத்திருந்தது என்பதற்குச் சிவப்பிரகாசரின் சரித்திரம் சான்று. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலத்திலிருந்து இலக்கணம் கற்கும் ஆசையோடு புறப்பட்ட அவர், தாமிரபர்ணிக் கரையில் சிந்துபூந்துறை மடத்தில் எழுந்தருளியிருந்த தருமபுரம் வெள்ளியம்பலவாணத் தம்பிரானை அடைந்தார். வந்தவர் தகுதியுடையவர்தானா என்று சோதிக்க விரும்பிய தம்பிரான், கு என்னும் எழுத்தில் தொடங்கி, ஊருடையான் என்பது நடுவில் வந்து, கு என்னும் எழுத்திலேயே முடியும்படி ஒரு வெண்பாப் பாடச் சொன்னார் என்றும், சிவப்பிரகாசர் அந்தக் கணமே பாடி முடித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முதல், நடு, கடை மூன்றையும் நிரப்பிவைத்து இடையிலுள்ளதை நீயே கண்டுகொள் என்று கொடுப்பது அந்தச் சோதனை. பாடம் முடிந்து குருதக்ஷிணையாகப் பொன்னை வைத்தபோது தம்பிரான் அதைத் தொடவில்லை. தம்மை இகழ்ந்து திரியும் திருச்செந்தூர்ப் புலவன் ஒருவனை வென்று வரும்படி பணித்தார். இருவரும் உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லக்கூடிய எழுத்துக்களால் மட்டும் யமக அந்தாதி பாடவேண்டும், தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்பது பந்தயம். உகரமும் ஒகரமும் அவற்றின் நெடில்களும், ஔகாரமும், பகர மகர வகரங்களும் விலக்கு. முருகன் என்று சொல்ல முடியாது, வேலன் என்று சொல்ல முடியாது. ஆயினும் முருகனைப் பாடவேண்டும். திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இப்படிப் பிறந்தது. எதிரி ஒரு செய்யுளும் பாட மாட்டாமல் தோற்றான் என்பது கதை.

எட்டயபுரத்துச் சம்பவம் எல்லாருக்கும் தெரிந்ததே. பாரதி என்ற பட்டம் பெற்ற பிள்ளையை மட்டந்தட்ட நினைத்துக் காந்திமதிநாதன் என்ற பெரியவர், பாரதியைச் சின்னப் பயல் என்று இகழும் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்ல, சிறுவர் அந்தப் பெயரைப் பார் என்றும் அதி என்றும் இரண்டாகப் பிரித்து, கொடுத்தவரையே மிகச் சின்னவராகப் பார்க்கச் சொல்லிவிட்டார் என்பர். அணி நூலார் இதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். கொடுத்த எழுத்துக்களில் ஒன்றையும் மாற்றவில்லை, கூட்டவில்லை. வெட்டும் இடம் மட்டும் மாறிற்று. நாஞ்சில் நாட்டுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் (1874–1950) பற்றியும் இதற்கு இணையான ஒன்று வழங்குகிறது. துருக்கனுக்கு இராமன் துணையாவதாக முடியும் ஈற்றடியை ஒருவர் கொடுத்து, இஸ்லாமியராகிய அவரைச் சங்கடத்தில் ஆழ்த்த எண்ண, அவர் முந்திய அடியின் இறுதியில் சத் என்று நிறுத்தி, சத்துருக்கனுக்கு அண்ணன் துணையாக நிற்பதாகப் பொருளை முடித்துவைத்தார். கேட்டவர் எண்ணியிருந்த சொல் மற்றொரு சொல்லின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டது.

இனி மேனாட்டு வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வோர்ல்ட் பத்திரிகையில் 1913 டிசம்பர் 21-ஆம் தேதி வெளியிட்ட சாய்சதுரக் கட்டமே முதல் குறுக்கெழுத்து என்பர். 1924-இல் அமெரிக்காவில் அது புத்தகமாக வந்து பெரும் பித்தாகப் பரவிற்று. இங்கிலாந்துக்குச் சென்றதும் அதன் குணம் மாறியது. பொருள் கேட்கும் குறிப்புக்களைக் களைந்துவிட்டு முழுவதும் மறைபொருட் குறிப்புக்களாகவே அமைத்தவர் டார்க்கெமாடா என்ற புனைபெயர் பூண்ட எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ். லண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரியில் இதற்கு இடம் கொடுத்தது. 1939-இல் டார்க்கெமாடா மறைந்தபின் அப்சர்வர் பத்திரிகையில் அவர் இடத்துக்கு வந்த மேக்நட் என்னும் பள்ளி ஆசிரியர் ஸிமினீஸ் என்ற பெயரில் எழுதி, ஒரு குறிப்பில் பொருளும் சொற்கட்டும் தவிர வேறொன்றும் இருக்கலாகாது, அவ்விரண்டும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்ற நியதியை நிலைநாட்டினார்; அவர் நூல் 1966-இல் வெளிவந்தது. அந்நாட்டுப் புதிராசிரியர்கள் ஸ்பெயின் தேசத்து மதவிசாரணைக் கொடியவர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்துச் சூடிக்கொண்டார்கள். படிப்பவனைச் சித்திரவதை செய்வதில் அவ்வளவு பெருமை! நம் குருகூர்க் கவிராயரோ தம் நூலுக்கு ஆழ்வாரின் பெயரைச் சூட்டினார்.

தமிழ்நாட்டுக்குக் குறுக்கெழுத்து வந்த விதம் அவ்வளவு சிலாகிக்கத் தக்கதன்று. 1930-களில் எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடன் முதலிய பத்திரிகைகள் பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. வாசகர் கூட்டம் பெருகிற்று, பத்திரிகை விற்பனையும் பெருகிற்று. ஆனால் இந்நாட்டுப் பரிசுப் போட்டிகளின் அமைப்பு பொதுவாக என்னவென்று பாருங்கள். முதலில் கு, கடைசியில் ம், நடுவில் ஒரு கட்டம் காலி. ஒரு மனிதனுக்குப் பெருமை தருவது என்று குறிப்பு. குலமா, குணமா? இரண்டும் பொருந்தும், இரண்டில் ஒன்று உறையிலிட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். இப்படிப் பத்துக் கட்டங்கள் இருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதங்களில் நிரப்பலாம். ஆகவே பரிசை விரும்பியவன் ஒரே கூப்பனோடு திருப்தியடையாமல் பல கூப்பன்களை நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் பிரவேசக் கட்டணம் கட்டி அனுப்பினான். முடிவு வெளியானபின் குணம் ஏன் சரி, குலம் ஏன் தவறு என்று விளக்கம் எழுதுவார்கள். அது விடைக்குப் பின்னால் தைக்கப்பட்ட சட்டையேயன்றி உரையன்று. எனது கருத்தில் தமிழ்க் குறுக்கெழுத்துக்கு நேர்ந்த பெரிய தீங்கு இது. அறிவு விளையாட்டென்ற பெயரால் சூதாட்டம் வீட்டுக்குள் வந்தது. திறமையை உரைத்துப் பார்க்கும் கல்லாகிய உரை அகன்றது.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1955-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிகள் சட்டம், ஒரு மாதத்தில் வழங்கும் பரிசின் மொத்த மதிப்பு ஆயிரம் ரூபாய்க்கு மேற்படக்கூடாது, ஒரு போட்டிக்கு ஏற்கும் விடைத்தாள்கள் இரண்டாயிரத்துக்கு மேற்படக்கூடாது என்று கட்டுப்படுத்திற்று. பெங்களூரில் அச்சான பத்திரிகை ஒன்றின் வாயிலாகப் பம்பாய் மாகாணம் வரை பரவியிருந்த ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்திய சாமர்பாக்வாலா தொடுத்த வழக்குகளில் 1957-இல் சுப்ரீம் கோர்ட், சூதாட்டம் வியாபாரமாகாது என்றும், திறமையைப் பெரிதும் பொறுத்த போட்டிகள் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்றும் தெளிவுபடுத்தியது. நேர்மையான புதிர் எது, அதிர்ஷ்டப் பரீக்ஷை எது என்று மாறனலங்காரத்தின் உரைகாரர் அறிந்திருந்த பேதத்தை நீதிபதிகள் வேறு பாஷையில் சொன்னார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பரிசு போனபின் பத்திரிகைகளில் எஞ்சியது குழந்தைகளுக்கான சொற்பொருட் கட்டம். மறைபொருட் குறிப்பைத் தமிழில் மீண்டும் ஊன்றி வளர்த்தவர்கள் மிகச் சிலரே. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் அவ்வகையில் குறிப்பிடத் தக்கவை. அத்தகைய புதிர்களில் ஒரு கட்டத்துக்கு உயிர்மெய்யோ, மெய்யோ, ஓர் எழுத்து என்பதே கணக்கு. ஆங்கிலத்தைப் போல எழுத்துக்களைக் குலைத்து அடுக்குவது இதனால் கடினமாகிறது. ஆனால் நமக்குச் சந்தி என்றொரு பெரிய செல்வம் இருக்கிறது. முக்கூடலையே விடையாக வைத்து ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கிறேன்: மதுரைகள் மூன்று சேர்ந்த ஆற்றங்கரை ஊர் (5). மதுரைக்குக் கூடல் என்று மறுபெயர் உண்டு. மூன்று என்பது தொகையில் மு ஆகும். வருமொழி ககரம் இரட்டித்து முக்கூடல் என்று ஐந்தெழுத்தாக நிற்கும். ஆற்றங்கரை ஊர் என்பது பொருள். படிப்பவன் மதுரையைத் தேடி வைகைக் கரைக்குப் போய்விட்டால் அது அவன் பிழை, குறிப்பில் பிழையில்லை. மற்றொன்று: ஐந்தினும் ஒன்று மிக்கதாயினும் சிறியதே, பொருநையிற் கலப்பது (4). ஐந்தினும் ஒன்று மிக்கது ஆறு. சிறு என்பதோடு அது புணரும்போது றகரம் இரட்டித்துச் சிற்றாறு ஆகும். நன்னூல் படித்தவனுக்கு இப்புணர்ச்சி தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலப் புதிராசிரியனுக்கு இது எட்டாக்கனி.

ஆகவே தமிழில் புதிர் அமைக்க முன்வருவோர் ஸிமினீஸின் நூலைப் படிப்பது நல்லதே. அதற்கு முன்னால் மாறனலங்காரத்தின் சொல்லணிப் பகுதியை அதன் உரையோடு ஒருமுறை படித்துவிடுவது இன்னும் நல்லது. பத்திராதிபர்களும் அடுத்த இதழில் வெறும் விடைப் பட்டியலை மூலையில் தலைகீழாக அச்சிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு விடைக்கும் இரண்டு வரியாவது உரை வெளியிடவேண்டும். இக்கட்டுரையைப் பொறுமையோடு படித்து வந்த அன்பர்களுக்குக் குறிப்பு ஒன்று தருகிறேன். இதற்கு வேண்டிய இலக்கணம் மேலே சொல்லியாயிற்று. அளவிற் சிறிய நஞ்சு. ஆயினும் அங்கே நீராடினால் உடம்புக்கு நலம் (5). விடையை மட்டும் கண்டுகொண்டு மேலே சென்றுவிடாமல், அருகிலிருப்பவர் ஒருவருக்கு அது வந்த வழியை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டவும்.